போக இரண்டு, வர மூன்று

2 செப்டம்பர், வெள்ளி

விடுப்புப் பயணச் சலுகைக்கு விண்ணப்பம் எழுதினேன். முப்பத்து நான்கு வருட தபால் துறை வேலையில் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அது கன்னியாகுமரிக்கு. இந்த முறை அந்தமான். விடுப்புக்கான காரணம் என்ற இடத்தில் 'கடற்கரைகளைப் பார்வையிடுதல்' என்று நிரப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஜெயக்கொடியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு "எங்க?" என்றாள். மறுபடியும் சொன்னேன். அடுப்பை மறுபடியும் பற்றவைத்தாள். அதற்குமேல் என் மனைவி எதுவும் கேட்கவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

எங்கள் மகள் இந்துமதி போர்ட்பிளேரில் இருக்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் அந்தமான் பெரிய இடம். நூற்றுக்கணக்கான தீவுகள் இருக்கின்றன.

4 செப்டம்பர், ஞாயிறு

பழைய டைரியின் பின்பக்கங்களில் திட்டம் போட்டேன். இடது பக்கம் கடற்கரையின் பெயர், நடுவில் தூரம், வலது பக்கம் போக வேண்டிய நேரம். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவது அழகு என்கிறார்கள். நீல் தீவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். மொத்தம் ஒன்பது கடற்கரைகள் தேறின. ஜனவரி நடுவில் போவது உத்தமம், வானம் வெளுத்து கடல் அடங்கியிருக்கும் என்று ஜெயக்கொடிக்கு விளக்கினேன்.

"நவம்பர்ல போகணும்" என்றாள்.

நவம்பரில் மழை, படகை நிறுத்திவிடுவார்கள், ஒன்பதில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது என்றேன்.

"நவம்பர்தான் அவளுக்கு ஏழாம் மாசம். வளையல் போடணும். அதுக்கு மேல ஆச்சுன்னா பிளேன்ல ஏத்தவும் மாட்டாங்களாம். ஜனவரில போயி என்னத்த, மணலைப் பார்த்துட்டு வரவா?"

மாசமாக இருக்கும் விஷயம் எனக்கு அதிகாரபூர்வமாகத் தெரியாது. போன மாதம் போர்ட்பிளேரிலிருந்து ஜெயக்கொடி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நானே கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் படித்தவள் மூன்று நாள் கோலத்தைப் பெரிதாகப் போட்டாள். நான் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான்கு வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை.

7 செப்டம்பர், புதன்

நவம்பர் என்று முடிவாயிற்று. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

13 செப்டம்பர், செவ்வாய்

விடுப்பு அனுமதியாகி வந்தது. உறையைப் பிரிப்பதற்குள் தபால்காரர் குருவையாவுக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடமாக இந்த அஞ்சலகத்தில் என்னோடு இருப்பவர். ஒட்டிய உறைக்குள் இருப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"அந்தமானா சார்? பிள்ளைக்கு எத்தனாவது மாசம்?"

கடற்கரை பார்க்கப் போகிறோம் என்றேன்.

"ஆமா சார். நம்ம கோவில்பட்டியில கடற்கரை இல்லதான். நூறு கிலோமீட்டர் தாண்டிப் போகணும். திருச்செந்தூருக்கு."

இந்த இடத்தில் ஒன்றை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இந்துமதி சென்னையில் நர்ஸ் வேலை பார்த்தபோது தபன் என்ற வங்காளிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போனில் சொல்லவில்லை. முக்கியமான சங்கதியை எழுத்தில்தான் தெரிவிக்க வேண்டும் என்று சின்ன வயதில் நான்தான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். பதிவுத் தபாலில் எழுதினாள். பென்ஷன் நாள், கவுண்டருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், குருவையா கொண்டுவந்து நீட்ட, நான் அங்கேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு நாற்பது பேருக்கும் பென்ஷன் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் கிடையாது. அவ்வளவு கோபப்பட்ட நாளும் கிடையாது.

அதற்குப் பிறகு என் பெயருக்கு அவள் எழுதியவை பதினொன்று. பதினொன்றின் மீதும் சிவப்பு மையில் 'பெற மறுத்தார், அனுப்பியவருக்கே திருப்புக' என்று என் கையாலேயே எழுதித் திருப்பினேன். முத்திரையைக் கோணாமல் குத்தினேன். விதிப்படி சரி. ஜெயக்கொடி பெயருக்கு வந்தவற்றில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவளுக்கு வந்ததை மறுக்கவோ ஏற்கவோ அவளுக்குத்தான் உரிமை. அதனால் ஒன்று விடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் போன் நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் சூடாகும். அதுவும் என் வரம்புக்குள் வராது.

24 செப்டம்பர், சனி

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏஜென்சியில் விமான டிக்கெட் போட்டேன். போக இரண்டு, வர மூன்று.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் "வர மூணா சார்?" என்று கேட்டது. விமானத்தில் மூன்று மூன்று இருக்கையாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒன்று காலியாக இருந்தால் கால் நீட்டிக்கொள்ள வசதி என்றேன். காலி இருக்கைக்கும் பெயர் வேண்டும் என்றது. வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன்.

"இந்துமதி. வயசு இருபத்தெட்டு."

"இனிஷியல் சார்?"

அதற்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"எஸ்" என்றேன். சண்முகையா என்ற என் பெயரின் எஸ்.

மூன்றாவது டிக்கெட்டை ஜெயக்கொடியிடம் காட்டவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம். வளையல் போட்டுக் கையோடு கூட்டிவருவதுதான் முறை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2 அக்டோபர், ஞாயிறு

இரண்டு அரைக்கால் சட்டைகள் வாங்கினேன், பூப்போட்டவை. கடற்கரையில் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். போட்டுக் காட்டியபோது ஜெயக்கொடி சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நான்கு வருடம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நடமாடிக்கொண்டிருந்தேன்.

8 அக்டோபர், சனி

ஜெயக்கொடிக்குக் கடிதம். மாலையில் கொண்டுவந்து கொடுத்தேன். படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, என்னிடம் நீட்டினாள். அடுத்தவர் தபாலை நான் படிப்பதில்லை என்றேன். அவளே சத்தமாகப் படித்தாள்.

"'நீ வாம்மா. அப்பா வாரதா இருந்தா அவரே எழுதட்டும்.' அவ்வளவுதான். எழுதுவீங்களா, நான் தனியாப் போகவா?"

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சே."

"நான் டிக்கெட்டப் பத்திக் கேக்கல."

ஒரு இன்லேண்டு எடுத்து உட்கார்ந்தேன். 'பார்வை: தங்கள் கடிதம்' என்று அலுவலகப் பாணியில் தொடங்கிவிட்டது. கிழித்தேன். இரண்டாவதில் 'அன்புள்ள' என்று எழுதி, அதற்கு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். காபி ஆறிவிட்டது. கடைசியில் ஒரு தபால் அட்டையில் எழுதினேன்.

'இந்துமதிக்கு. நவம்பர் 10 வியாழன் காலை எட்டரை மணி விமானத்தில் நானும் அம்மாவும் வருகிறோம். கடற்கரைகள் பார்ப்பதற்காக. சண்முகையா.'

ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். "அப்பான்னு போடுறதுதான?"

இடமில்லை என்றேன். அட்டையில் பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் இருந்தது.

27 அக்டோபர், வியாழன்

தீபாவளிக் கூட்டம் முடிந்து இன்றுதான் பைகள் ஒழுங்காக வந்தன. பதினொரு மணிக்குக் குருவையா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு அட்டை. என் அட்டை. முகவரியின் குறுக்கே சிவப்பு மையில் 'ரெஃப்யூஸ்டு' என்று ஆங்கிலத்தில் எழுதி, போர்ட்பிளேர் முத்திரை குத்தியிருந்தது. அந்த ஊர்த் தபால்காரருக்குக் கையெழுத்து சுமார்தான்.

வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். ஒரு மணியார்டர் பணத்தை இரண்டு தடவை எண்ணினேன். பதினொரு தடவை அங்கே ஒருத்தி இதைக் கையில் வாங்கியிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் போகவில்லை. பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன்.

குருவையாவும் பின்னாலேயே வந்தார்.

"சார், ஒண்ணு யோசிச்சீங்களா? நீங்க திருப்புனதெல்லாம் ஒட்டுன கவர். இது கார்டு. கார்டப் படிக்காம எப்படி சார் வேண்டாம்னு சொல்ல முடியும்? கையில வாங்கிப் படிச்சுட்டுத்தான் பாப்பா திருப்பியிருக்கு."

முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எட்டரை மணி விமானம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அளவில் தபால் சேர்ப்பிக்கப்பட்டுவிட்டது.

வீட்டில் ஜெயக்கொடியிடம் அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படியே உங்க மக" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரி பட்டது.

3 நவம்பர், வியாழன்

விமானத்தில் ஒரு ஆளுக்குப் பதினைந்து கிலோதான். ஜெயக்கொடி எடுத்து வைத்தவை: கடலை மிட்டாய், இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மாங்காய் வற்றல், மஞ்சள், கருப்பட்டி, பட்டுச் சேலை, நான்கு டஜன் கண்ணாடி வளையல். என்னுடைய துணி இரண்டு அரைக்கால் சட்டையும் துண்டும்தான். அலுவலக எடைக்கருவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பெட்டியை அரிசிக் கடைக்குத் தூக்கிப்போய் நிறுத்தேன். மூன்று கிலோ அதிகம். ஒரு அரைக்கால் சட்டையை எடுத்துவிட்டேன். கருப்பட்டியில் கைவைக்க ஜெயக்கொடி விடவில்லை.

6 நவம்பர், ஞாயிறு

வளையல்களை ஜெயக்கொடி சேலைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். உடையும் பொருளை அனுப்பும் லட்சணமா இது? எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஆறு ஆறாகப் பிரித்து, நூல் கட்டி, பழைய நாளிதழில் சுற்றி, பெட்டிக்குள் உமி பரப்பி அடுக்கினேன். பெட்டியைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. மேலே 'உடையும் பொருள், கவனம்' என்று எழுதினேன். மதியம் தொடங்கியது, முடிக்க விளக்கு வைக்கும் நேரமாயிற்று.

ஜெயக்கொடி வாசல்படியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடற்கரைக்கு இவ்வளவு வளையல் எதுக்குன்னு கேக்கலியே?" என்றாள்.

கேட்கவில்லை.

10 நவம்பர், வியாழன்

போர்ட்பிளேர். விமானம் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கியது. நல்ல மழை.

வெளியே வந்ததும் ஜெயக்கொடி என் கையை விட்டுவிட்டு ஓடினாள். முழங்கால் வலிக்காரி. இந்துமதி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் குடையுடன் ஒரு ஒல்லிப் பையன், தபன். படகுத்துறையில் இன்ஜின் மெக்கானிக். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பெட்டிகளை எண்ணினேன். நான்கு.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "பிளேன் நேரத்துக்கு வந்துச்சா?"

"பன்னெண்டு நிமிஷம் முன்னாடியே."

"கார்டுல எட்டரைன்னு போட்டிருந்தது."

"கார்டு திரும்பி வந்துடுச்சே."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பெட்டிகளை மறுபடியும் எண்ணினேன். தபன் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, "மாமா, நனையிறீங்க" என்று தமிழிலேயே சொல்லி, குடையைத் தந்துவிட்டு அவன் நனைந்தான்.

11 நவம்பர், வெள்ளி

மழை. எல்லாப் படகுகளும் ரத்து. ராதாநகர், நீல் தீவு இரண்டையும் பட்டியலில் அடித்தேன். தபனின் குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது.

இந்துமதி என்னிடம் ஆறு தடவை பேசினாள். ஆறும் சாப்பாடு பற்றி.

13 நவம்பர், ஞாயிறு

வளைகாப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள்: வங்காளி, தெலுங்கு, தமிழ், என்ன பாஷை என்று புரியாத ஒருத்தி. ஜெயக்கொடி ஐந்து வகைச் சாதம் கிளறினாள். ஆண்களுக்கு உள்ளே வேலை இல்லை. நானும் தபனும் வெளியே குடைக்குக் கீழ் நின்றோம். படகு இன்ஜினில் உப்புத் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று அவன் எனக்கு விளக்கினான். பையனுக்கு வேலை தெரியும். வீட்டில் பாத்திரமும் அவன்தான் கழுவுகிறான்.

உள்ளே இந்துமதியின் குரல் கேட்டது. "ஏம்மா, ஒண்ணுகூட உடையல! யாரு கட்டுனது?"

ஜெயக்கொடி என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. பிறகு வளையல் சத்தம் வந்தது.

14 நவம்பர், திங்கள்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது டிக்கெட்டை மேசைமேல் வைத்தேன். ஜெயக்கொடி அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்துமதி எடுத்துப் பெயரைப் படித்தாள். இனிஷியலில் விரலை வைத்தாள்.

"எப்பப் போட்டீங்க?"

"செப்டம்பர்ல."

"நான் வரலப்பா."

அப்பா என்று சொன்னது காதில் விழுந்துவிட்டதால், வரவில்லை என்றது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"என் வீடு இது. ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் இங்கதான். இவரையும் விட்டுட்டு வரமாட்டேன். நாலு வருஷமா வாரேன் வாரேன்னு எழுதினேன். இப்ப நீங்க வந்து நிக்கீங்க, நான் ஒடனே கெளம்பணுமா?"

தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். 'டிக்கெட்டை ரத்து செய்ய நேரமிருக்கிறது' என்று வெளியே வந்தது.

"நான் இருந்துக்கிடுதேன்" என்றாள் ஜெயக்கொடி. "பிள்ளை பொறந்து மூணு மாசம் ஆகட்டும். தாய் வீடுங்கிறது ஒரு கட்டடமா? தாய் எங்க இருக்காளோ அங்கதான்." என்னைக் கேட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

16 நவம்பர், புதன்

மழை விட்டது. மதியத்துக்கு மேல் தபன் எல்லோரையும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனான். என் பட்டியலில் ஒன்பதாவது. தென்னை மரங்கள், கலங்கிய தண்ணீர், கரையெல்லாம் மழை அடித்துவந்த குப்பை. பூப்போட்ட அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. திருச்செந்தூரில்கூடக் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. தபன் நான் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றான். பிடிப்பதற்காக நிற்கவில்லை என்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரைக்கு வந்து இந்துமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பதினொன்றிலும் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன். கேட்க நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

"ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொண்ணு. கடைசி வரி மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணுதான்" என்றாள். "இங்க ஒரு தடவை வாங்கப்பா, ஜனவரில வாங்க, கடல் ரொம்ப நல்லா இருக்கும். நவம்பர்ல மட்டும் வந்துடாதீங்க, மழை."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக் காற்று என்று எழுதலாம். காற்று இல்லை.

17 நவம்பர், வியாழன்

திரும்பும் விமானம். மூன்று இருக்கையிலும் நான் ஒருவனே. ஜன்னல் ஒருபக்கம், வழி ஒருபக்கம், நடுவில் உட்கார்ந்தேன். விமானப் பெண் வந்து, இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்றது. இதுதான் என் இடம் என்றேன். கால் நீட்ட வசதியாகத்தான் இருந்தது. நீட்டவில்லை.

21 நவம்பர், திங்கள்

ஜனவரி 16 முதல் இருபது நாள் விடுப்புக்கு எழுதினேன். காரணம்: மகளின் பிரசவம்.

சமையல் நானே. ரசத்தில் உப்பு போட மறந்துபோயிற்று.

5 டிசம்பர், திங்கள்

பென்ஷன் நாள் இல்லை என்றாலும் கூட்டம். பதினொன்றரைக்குக் குருவையா ஒரு பதிவுத் தபால் பொட்டலத்துடன் வந்தார். போர்ட்பிளேர் முத்திரை. பெறுநர், ச. சண்முகையா. பதினொன்றும் உள்ளே இருப்பது கனத்தை வைத்தே தெரிந்தது. ஓரம் கிழிந்திருந்த இடத்தில் உள்ளே ஒரு பழைய உறையின் மூலையும் என் சிவப்பு மை எழுத்தில் பாதியும் தெரிந்தன. 'மறுத்தார்' என்ற பாதி.

குருவையா இரண்டு பேனாக்களையும் என் முன் வைத்தார், நீலம், சிவப்பு. முகத்தில் ஒன்றுமில்லை.

"வாங்கிக்கிடுதீங்களா சார்?"

நீலத்தை எடுத்தேன். ஒப்புகை அட்டையைக் கிழித்து நீட்டினார். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துடன் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் அட்டை. கோட்டின்மேல் 'அப்பா' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன்.

குருவையா அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "சார், பெறுநர் கையெழுத்துன்னா பேருதான் போடணும். விதிப்படி இது செல்லாதே?"

செல்லும் என்றேன். அடுத்த ஆளை வரச் சொன்னேன்.